விருந்தாளிக்குக் கடதாசிக் கப்

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு நாவல் தந்தார்கள். அமெரிக்காவின் தெற்கில் பருத்தித் தோட்டம் செய்யும் கறுப்பினக் குடும்பத்தின் கதை. ஊரில் வெள்ளையருக்கு ஒரு தண்ணீர்க் குழாய், இவர்களுக்கு வேறு குழாய். கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் அந்த நாவலுக்கு என்னைவிடப் பெரிய ரசிகர் அப்பாதான். வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே "இண்டைக்கு என்ன நடந்தது?" என்பார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, "அறுவாங்கள்! மனுசரை மனுசராய் மதிக்கத் தெரியாதவங்கள்!" என்று கொதிப்பார். தொழிற்சாலையில் வெள்ளை ஃபோர்மன் இவரை விரலைச் சொடுக்கித்தான் கூப்பிடுவானாம். யாழ்ப்பாணத்தில் வெங்காயத் தோட்டம் வைத்து, வேலையாட்களை 'டேய்' போட்டவருக்கு ரோசம் வராதா?

நாவலின் ஒரு காட்சியை வகுப்பில் இருவர் இருவராக வாசிக்க வேண்டும். எனக்குச் சோடி என் வகுப்புத் தமிழ்ப் பிள்ளை. கனடாவில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி. அவள் இல்லாவிட்டால் எனக்குப் பள்ளிக்கூடமே வேண்டாம். வெள்ளையரின் குழாயடிக்குப் போகும் கறுப்புச் சிறுமி நான், விரட்டியடிக்கும் வெள்ளைக்காரி அவள் என்று பேசி வைத்திருந்தோம். சனிக்கிழமை ஒத்திகைக்கு வீட்டுக்கு வந்தாள்.

அப்பா தொடங்கினார். "பிள்ளை எந்த ஊர்?"

சொன்னாள்.

"அங்கை எந்தப் பக்கம்? எந்தக் கோயிலுக்குக் கிட்ட?"

அதையும் சொன்னாள். அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு இரண்டு மூன்று கேள்வி போதும், சாதியைப் பிடித்துவிடுவார்கள். குடிவரவு அதிகாரிக்கே இந்தக் கெட்டித்தனம் கிடையாது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா குசினிக்குப் போனார்.

தேத்தண்ணி வந்தது. அப்பாவுக்கும் எனக்கும் பீங்கான் கோப்பை. அவளுக்கு மட்டும், யாருடையதோ பிறந்தநாளில் மிஞ்சிய, பலூன் படம் போட்ட கடதாசிக் கப். "குடி பிள்ளை, ஆறப் போகுது" என்றார் அம்மா, அன்பாகத்தான். ஊரில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவார். பிளேன் ஏறி வந்ததில் இவ்வளவு முன்னேற்றம்!

அவள் கப்பைப் பார்த்தாள். என் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கோப்பையை மாற்றிக் கொடுத்திருக்கலாம். வாயையாவது திறந்திருக்கலாம். குனிந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தேன். தூ, நானும் ஒரு ஆள்!

அவள் முழுவதையும் குடித்தாள். கப்பைத் தானே குப்பையில் போட்டுவிட்டு வந்து புத்தகத்தை விரித்தாள்.

"குழாயடிப் பிள்ளையை நான் வாசிக்கிறன். நீ வெள்ளைக்காரியை வாசி."

திங்கட்கிழமை அப்படியே வாசித்தோம். அன்று மத்தியானம் அவள் வேறு மேசையில் சாப்பிட்டாள், அதன்பிறகு எப்போதும் அங்கேதான். வெள்ளைக்காரியை இவ்வளவு இயல்பாக வேறு யாரும் வாசிக்கவில்லை என்று ரீச்சர் என்னைப் பாராட்டினார்.

வீட்டில் சொன்னேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பின்னை, ஆருடைய மகள்!"