பை இல்லாமல் மேளம் இல்லை

இத்தாலியின் பலெர்மோ நகரப் பஸ்களில் யாரும் யாரையும் உற்றுப் பார்க்கலாம். இங்கே அது குறையில்லை. ஆனால் வன்னியிலிருந்து வந்த எனக்கு ஓர் ஆணின் இடுப்பில் கண்ணை வைத்துக்கொண்டு பயணம் செய்வது புதிது. அன்று சின்யோறா என்று நான் கூப்பிடும் இத்தாலிய அம்மாவின் வீட்டு வேலை முடிந்து வரும்போது, என் முன்னால் நின்ற நரைத்த தாடிக்காரர் கட்டம்போட்ட, மடிப்பு வைத்த பாவாடை கட்டியிருந்தார். பாவாடைக்கு முன்னால் சங்கிலியில் ஒரு தோல் பை தொங்கியது. ரிக்கற் பார்ப்பவர் ஏறியதும் நாங்கள் எல்லோரும் கைப்பைகளுக்குள் துழாவத் தொடங்க, அவர் அந்தப் பையின் மூடியைத் தட்டித் திறந்து ரிக்கற்றை நீட்டிவிட்டார். நான் பார்த்தது பையை. அவர் நினைத்தது பாவாடையை. இது ஸ்கொற்லண்ட் உடுப்பு, உள்ளே கால்சட்டை போட்டிருக்கிறேன், பயப்பட வேண்டாம் என்று எனக்குச் சத்தமாக விளக்கம் சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. பை வடிவாயிருக்கிறது என்று சொல்லவும் அப்போது என்னிடம் இத்தாலியன் போதவில்லை.

அவர் பெயர் சல்வோ. பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவர். இளமையில் சில வருடம் ஸ்கொற்லண்டில் சமையல் வேலை செய்துவிட்டு, அக்குளில் பையை அமத்தி ஊதும் அந்த நாட்டுக் குழலோடு திரும்பி வந்தவர். நாங்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில், எங்கள் ஒழுங்கையின் முடிவில், கைவிடப்பட்ட தச்சுப் பட்டறை ஒன்றில் அவருடைய வாத்தியக் குழு பின்னேரங்களில் பழகும். என் மகள் அபி ஒருநாள் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனாள். குழல் ஊதுபவர்கள் எல்லாம் ஆண்கள். தோளில் மாட்டி அடிக்கும் சின்ன மேளத்தோடு நின்றவர்கள் றொசாலியா, யூசி என்ற அக்கா தங்கை. மூன்றாவது மேளம் ஆளில்லாமல் சுவரில் தொங்கியது.

கிளிநொச்சியில் படிக்கும்போது விளையாட்டுப் போட்டிகளில் எங்கள் பெண்கள் அணிக்கு முன்னால் மேளம் அடித்துக்கொண்டு போனவள் நான். பிறகு வந்த காலம் மேளம் அடிக்கும் காலமல்ல. றொசாலியா விளையாட்டாகக் கோல்களை நீட்டியபோது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் மணிக்கட்டு தானாக ஓடியது. குழல்காரர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது மேளம் என்னுடையதாயிற்று. அடுத்த கிழமை எனக்கும் கில்ற் என்ற அந்தக் கட்டம்போட்ட பாவாடை தைத்து வந்தது. அதைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் முதலில் தேடியது சட்டைப்பையை. அந்தப் பாவாடையில் ஒரு கைக்குட்டை வைக்கக்கூட இடமில்லை. ஆண்களுக்கு அந்தக் குறையை ஸ்பொறன் என்ற அந்த முன்பை தீர்த்துவிடுகிறது. பெண்களுக்கு அது வழக்கமில்லை, உங்கள் சாமான்களைக் குழுவின் வான் வண்டிக்குள் வைத்துப் பூட்டலாம் என்றார் சல்வோ.

முதல் ஊர்வலம் பக்கத்து ஊரான பகேரியாவில். வானைத் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தோம். ஊர்வலம் முடிந்தபோது வீதிகளை மூடியிருந்ததால் வான் எங்களிடம் வந்துசேர வெகுநேரமாயிற்று. என் போன், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்ததற்கான துண்டு, வீட்டுத் திறப்பு எல்லாம் அதற்குள். கைதட்டல் வாங்கிய சந்தோசத்தோடு போனைத் திறந்தால், அபியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக் கமலாக்காவின் அழைப்புகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. அபி படியில் உருண்டு கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இவர், அபியின் அப்பா, சியாகுல்லியில் மண்டரின் தோடம்பழத் தோட்டத்து வேலையில். அங்கே போன் சரியாக எடுக்காது. நான் கில்ற்றோடே ஓடிப்போய்க் கட்டிலடியில் நின்றேன். பிள்ளை அழுது முடித்திருந்தாள்.

"பெர்க்கே அம்மா போன் எடுக்கேல்லை?" என்று மட்டும் கேட்டாள். ஏன் என்ற சொல் அவளுக்கு இத்தாலியனில்தான் வரும்.

வன்னியில் கடைசி இடப்பெயர்வின்போது அடையாள அட்டைகளையும் பிறப்புச் சான்றிதழ்களையும் துணிப்பையில் போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தவள் நான். கையில் கொண்டுவந்த பைகளைச் சனநெரிசலில் எத்தனையோ பெண்கள் தவறவிட்டார்கள். என்னுடையது என் உடம்போடு இருந்தது. குண்டு விழுந்த ஊரில் செய்யத் தெரிந்ததைச் சமாதானமான ஊரில் செய்யாமல் விட்டேனே என்று அன்றிரவு முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "இனி உந்தக் கூத்து வேண்டாம். நீர் வீட்டிலை நில்லும்."

"கூத்திலை பிழையில்லை. பை இல்லாததுதான் பிழை" என்றேன். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். அவரோ அபியின் கட்டுப்போட்ட கையைத் தடவிக்கொண்டு படுத்துவிட்டார்.

சல்வோவிடம் எனக்கு ஒரு "போர்சா" வேண்டும் என்றேன். அவர் கைப்பை என்று விளங்கிக்கொண்டு, தோளில் மேளப் பட்டி, கைகளில் கோல், கைப்பையை எங்கே மாட்டப் போகிறாய், பல்லிலா என்று கேட்டார். நான் அவருடைய இடுப்பைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. அது ஆண்களுடையது, மரபு என்றார். ஸ்கொற்லண்டிலேயே பெண்கள் ஸ்பொறன் கட்டிக்கொண்டு வாசிக்கும் வீடியோ ஒன்றை றொசாலியா போனில் காட்டினாள். சல்வோ அதை முழுக்கப் பார்த்தார். அங்கே அவர்கள் கெடுத்துவிட்டார்கள், நாங்களாவது ஒழுங்காகச் செய்வோம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் கைவிட்ட வழக்கங்களைப் பலெர்மோவில் இறுக்கிப் பிடித்திருக்கும் எங்கள் ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். ஊரைவிட்டுத் தூரப் போனவர்கள்தான் முடிச்சை இறுக்குகிறார்கள். இந்த மனிதருக்கோ ஸ்கொற்லண்ட் சொந்த ஊர்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு இவர் தன் பழைய தோல் ஜக்கற்றைக் கொண்டுவந்து மேசையில் போட்டார். கிழியாத இடமாய்ப் பார்த்து வெட்டும் என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. றொசாலியாவும் யூசியும் தங்களுக்கும் பை தைக்க வந்தார்கள். முன்னால் கட்டினால் மேளம் இடிக்கும். ஆகவே அடிக்கும்போது இடுப்பின் பக்கத்துக்குத் தள்ளவும், மேளத்தைக் கழற்றியதும் முன்னால் இழுக்கவும் ஏற்றதாய் வாரில் ஓடும் வளையம் வைத்தோம். போன் துடித்தால் தொடையில் தெரியட்டும் என்று அடித்தோலை மெல்லியதாய் விட்டோம். திறப்புக்கு ஓர் அறை, பேப்பர்களுக்கு மழை படாத அறை. அபி நல்ல கையால் சுட்டி, பையில் தொங்கும் குஞ்சங்களுக்கு நிறம் தெரிவுசெய்தாள். கண்ணைக் குத்தும் சிவப்பு என்று யூசி சொன்னாள். ஆனாலும் அதையே கட்டினோம்.

சியாகுல்லியில் மண்டரின் அறுவடையை ஒட்டிய விழா. மூன்று பேரும் ஸ்பொறனோடு வானிலிருந்து இறங்கினோம். சல்வோ கண்டுவிட்டார். அதைக் கழற்றுங்கள், இல்லையென்றால் நடக்க வேண்டாம் என்றார்.

றொசாலியா மேளத்தைத் தோளிலிருந்து இறக்கி நிலத்தில் வைத்தாள். யூசியும் வைத்தாள். நானும் வைத்தேன். மேளம் இல்லாமல் அந்தக் குழல்காரர்கள் பத்தடி சேர்ந்து நடக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். சனம் வேறு கூடிவிட்டது.

"சல்வோ," என்றேன், மனதுக்குள் பலமுறை சொல்லிப் பழகிய இத்தாலியனில், "உன் பைக்குள் என்ன இருக்கிறது?"

அவர் முழித்தார். பிறகு திறந்து பார்த்தார். போன், கார்த் திறப்பு, மருந்து, பேரப்பிள்ளையின் படம்.

"எங்களுடையதுக்குள்ளும் அதுதான்" என்றேன். "என் பிள்ளை விழுந்தபோது அது வானுக்குள் இருந்தது."

அவருக்கு அபியின் கை முறிந்தது தெரியும். பகேரியாவில் போன் ஏன் என் கையில் இல்லை என்பதை அன்றுவரை அவர் யோசித்திருக்கவில்லை. படத்தை உள்ளே வைத்து மூடினார். பிறகு குனிந்து என் மேளத்தைத் தானே தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார். வளையத்தைப் பார்த்து, இது நல்ல யோசனை, என்னுடையது ஊதும்போது எப்போதும் இடிக்கிறது என்று முணுமுணுத்தார்.

அன்று நாங்கள் அடித்ததுபோல் பிறகு ஒருநாளும் அடிக்கவில்லை. தோட்டத்து வேலையாட்களோடு வேலியோரம் நின்ற இவர், பக்கத்தில் நின்றவர்களிடம் என்னைக் காட்டி ஏதோ சொன்னார். என்னவென்று பின்னேரம் கேட்டேன். "ஜக்கற் என்ரை எண்டு சொன்னனான்" என்றார்.

இப்போது குழுவுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் கில்ற்றோடு ஸ்பொறனும் உண்டு. போன மாதம் பல்லாறோ சந்தைக்குள்ளால் நடந்தோம். மரக்கறிக் கடைகளுக்கு இடையில் வழி ஒடுங்கி, சனம் இரண்டு தோளிலும் உரசியது. இடப்பக்கம் எங்கள் தமிழ் ஆட்கள் நின்று என்னைக் காட்டி "எங்கடை வதனியெல்லோ, பாவாடையைப் பாருங்கோவன்" என்றார்கள். வலப்பக்கம் மீன்காரர்கள் "பிராவா எங்கள் பலெர்மித்தானா", சபாஷ் எங்கள் பலெர்மோக்காரி, என்று கத்தினார்கள். இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்றது. நடுவில் நான் அடித்துப்போன தாளமோ இரண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாதது. ஆனாலும் அதற்குத்தான் இடப்பக்கம் செருப்புக் கால்கள் தட்டின, வலப்பக்கம் சப்பாத்துக் கால்கள் தட்டின. எந்தப் பக்கம் ஒரு நொடி முந்தியது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அடி பிசகிவிடும்.