ரேமுக்குக் கவ்வாத்து

ஹட்டன் பக்கத்துப் பாடசாலைகளில் ஒரு கணினி எழும்ப மறுத்தால் இப்போது எனக்குத்தான் அழைப்பு வரும். எவ்வளவு பழைய பெட்டியாக இருந்தாலும் மூடியைத் திறந்து, அவர்கள் ஊற்றித் தரும் தேநீர் ஆறுவதற்குள் கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவேன். பெருமை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை. எங்கள் குடும்பத்தில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையைக் கண்ட முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான்தான். கொஞ்சம் பெருமைக்கு எனக்கு உரிமை உண்டு. ஆனால் இந்தக் கைவேலையை எனக்குப் பல்கலைக்கழகம் கற்றுத் தரவில்லை. ஒன்பதாம் வகுப்பில், மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காரணம் நான் சொன்ன ஒரு பொய். பத்தாம் வகுப்புக்குப் பாடம் தெரிவுசெய்யும் நேரம். கணினிப் பாடத்துக்கு வரத் துடித்தவர்கள் வகுப்பில் பாதிப் பேர். பாடசாலையில் ஓடக்கூடிய கணினிகளோ நான்கு. பன்னிரண்டு பேரைத்தான் எடுக்கலாம், வீட்டில் பழகிப் பார்க்க வசதி உள்ளவர்களுக்கே இடம் என்று கணினி ஆசிரியர் சொல்லிவிட்டார். "யார் யார் வீட்டுல ஓடுற கம்ப்யூட்டர் இருக்கு?" என்று அவர் கேட்டபோது என் கை தானாக மேலே போனது. வீட்டில் கணினி இருந்தது உண்மை. ஓடியது என்பதுதான் பொய்.

கை தூக்கியவர்கள் பன்னிரண்டுக்கும் அதிகமாக இருந்தோம். ஆசிரியர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப சரி. திங்கக்கிழமை உங்க குடும்ப விபரத்தைத் தமிழ்ல டைப் பண்ணி பென்டிரைவ்ல கொண்டு வாங்க. எல்லாருடையதையும் ஸ்கிரீன்ல போட்டுப் பார்ப்போம். கொண்டு வராதவங்க வேற பாடம் பாத்துக்கங்க" என்றார். என்னுடைய பென்டிரைவில் தமிழ் எழுத்துருவை ஏற்றி, எந்த விசையில் எந்த எழுத்து என்று அச்சடித்த தாளையும் தந்தார்.

அந்தக் கணினியைக் கொண்டுவந்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கொழும்பில் அவர் வேலை பார்த்த காரியாலயத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது ஒன்றைக் கேட்டு வாங்கி, ரயிலில் ஹட்டன் வரைக்கும், பிறகு பஸ்ஸில் மடியில் வைத்தும் கொண்டுவந்தார். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படியில் அவரும் அப்பாவும் அம்மாவின் கம்பளியில் தூளி கட்டி அதைத் தூக்கி வந்தார்கள். தோட்டத்தில் கம்பளித் தூளியில் நோயாளிகளைத்தான் தூக்குவது வழக்கம். அதனால் வழியெல்லாம் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, "யாருக்கு என்னாச்சு?" என்று விசாரித்தார்கள்.

விசாரித்ததில் தவறில்லை. வீட்டில் வைத்து மின் ஆளியைப் போட்டதும் உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து மூன்று தரம் கீச்சென்று ஒரு சத்தம். சற்று ஓய்ந்து மறுபடி மூன்று தரம். மாமா தலையைச் சொறிந்தார். "கொழும்புல நல்லாத்தான் ஓடிச்சு. இந்தக் குளிர் அதுக்கு ஒத்துக்கல போல" என்றவர், மறுநாள் ரயிலேறிப் போய்விட்டார்.

திங்கட்கிழமைக்கு முந்திய அந்த ஞாயிறு காலையில் நான் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். காரியாலயத்தில் கணினி திருத்தும் ஆளிடம் அவர் முன்பே கேட்டு வைத்திருந்தார். மூன்று தரம் கத்தினால் ரேமில் கோளாறு என்று அந்த ஆள் சொன்னாராம். அதை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"எந்த ராமு? கீழ் லயத்து ராமுவா?"

"ரேம்மா. உள்ள இருக்கிற ஒரு அட்டை. அதுலதான் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இருக்குமாம்."

"ஓ, அவன் வரலயா?" என்று அம்மா முறத்தைத் தட்டினார். "அதான பாத்தேன். பெரட்டுல மூணு தரம் பேரு கூப்பிட்டும் ஆள் வரலன்னா கங்காணி கத்தாம என்ன செய்வாரு?"

நான் சிரித்தேன். ஆனால் அம்மா சொன்னது அப்படியே உண்மை. காலையில் வேலைக்குப் போகுமுன் தோட்டத்தில் எல்லாரும் பெரட்டுக்களத்தில் கூடிக் கங்காணியிடம் பேர் கொடுப்பதைப் போல, கணினியும் எழும்பியவுடன் தன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கிறது. ரேம் பதில் சொல்லாவிட்டால் திரையில் ஒரு எழுத்துக்கூட எழுத அதனால் முடியாது, கத்தத்தான் முடியும். இன்றைக்கும் வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு இப்படித்தான் விளக்குகிறேன். நல்ல உதாரணம் மிஸ் என்கிறார்கள். அது யாருடைய உதாரணம் என்று நான் சொல்வதில்லை.

இன்னொரு ரேம் வேண்டும். தோட்டத்தில் கணினி இருந்த மற்ற வீடு ஒன்றே ஒன்றுதான், மலை வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் பங்களா. அவர் மகனின் கணினிக்குப் பெரிய ரேம் போட்டு, கழற்றியதைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போய்க் கேட்க எனக்குத்தான் மனம் வரவில்லை. அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் அந்த வாசலுக்கு எதையும் கேட்டுப் போனதாக எனக்கு நினைவில்லை.

திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"'ஒம் மகளுக்கா கம்ப்யூட்டர் பாடம்?'னு கேட்டாரு. 'ஆமாங்கய்யா'ன்னேன். 'எங்களுக்கு வேணாம், நீயே வச்சுக்க'ன்னுட்டாரு."

பெட்டியைத் திறந்து பழைய ரேமைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒரே நீளம், ஒரே பச்சை, அடியில் ஒரே மாதிரித் தங்க நிறப் பற்கள். ஆனால் புதியது, ரேமைச் செருகும் பொந்தில் உட்காரவில்லை. அட்டையின் அடியில் ஒரு சிறிய வெட்டு இருக்கும். பொந்தில் அதற்கு நேராக ஒரு மேடு இருக்கும். இரண்டும் பொருந்த வேண்டும். இதில் வெட்டு சற்றே தள்ளியிருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். "ஒரு நெல்லு அகலந்தான் தடுக்குது" என்றார்.

அப்பா எங்கள் டிவிசனில் கவ்வாத்து வெட்டுபவர்களில் முதல் ஆள். வளர்ந்து போன தேயிலைச் செடியின் கிளைகளை அவர் சாய்த்து வெட்டினால், வெட்டுவாய் கண்ணாடி மாதிரி இருக்கும். பட்டை உரியாது, கிளை பிளக்காது. பழகுகிறவர்களுக்குக் காட்ட அவர் வெட்டிய வரிசையைத்தான் தோட்டத்தை நடத்தும் துரையே காட்டுவார். நான் டோர்ச் இரவல் வாங்க அடுத்த வீட்டுக்குப் போய் வருவதற்குள் அப்பா கவ்வாத்துக் கத்தியை எடுத்திருந்தார்.

"இப்ப வச்சுப் பாரு தாயி. அழகா உக்காரும்."

வெட்டை ஒரு நெல் அகலத்துக்குப் பெரிதாக்கியிருந்தார். ஒரு பிசிறு இல்லை. சொன்னபடியே அட்டை இறங்கி, இரண்டு பக்கத்துக் கொக்கியும் டக்கென்று பிடித்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெருமையை மறைக்க முறத்தைப் பார்த்தார். நான் ஆளியைப் போட்டேன். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. பிறகு ஒன்றுமில்லை. கத்தக்கூட இல்லை.

அட்டையைக் கழற்றி டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்பா சீவிய இடத்தில் மூன்று நான்கு தங்கப் பற்களும் சேர்ந்து போயிருந்தன. அதைவிட மோசம், இரண்டு அட்டையிலும் ஒட்டியிருந்த துண்டுகளை அப்போதுதான் வாசித்தேன். பழையதில் டிடிஆர் என்றும், இதில் டிடிஆர் இரண்டு என்றும் எழுதியிருந்தது. வேறு வேறு தலைமுறை. ஒன்றின் இடத்தில் மற்றதைத் தவறிப்போய்ப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் வெட்டையே தள்ளி வைத்திருக்கிறார்கள்.

"இதுல எழுதியே இருக்குப்பா" என்றேன். "எழுத்து வாசிக்கத் தெரிஞ்சவங்க செய்ற வேலை இது. தெரியாட்டி தொடக் கூடாது."

"ஏய், யாருகிட்டப் பேசுற?" என்று அம்மா எழுந்தார்.

"விடு. அவ சொல்றது சரிதான்" என்றார் அப்பா. கத்தியைத் துணியில் துடைத்துக் கூரை இடுக்கில் செருகிவிட்டு, கதவோரம் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்கும் படவில்லை. அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டுக்கு எந்தக் கடிதம் வந்தாலும் "வாசி தாயி" என்று என்னிடம்தான் நீட்டுவார். நான் எழுந்து நின்று, செய்தி அறிவிப்பாளர் மாதிரி வாசிப்பேன். அவருக்கு எழுத்து தெரியாது. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பழைய ரேமைத் திருப்பிப் போட்டேன். மூன்று தரம் கத்தியது. பெட்டி சாகவில்லை என்று தெரிந்ததும், வெறுத்துப்போயிருந்த அந்தச் சத்தத்தின் மேல் எனக்கு ஆசையே வந்துவிட்டது. மறுபடி கழற்றி, இந்த முறை அவசரப்படாமல் பார்த்தேன். கண்டாக்கையா வீட்டு அட்டையின் பற்கள் மின்னின. எங்களுடையதில் பற்கள் மங்கிப் பழுப்பேறிக் கிடந்தன. அழுக்கைக் கண்டால் அழிக்கத் தோன்றும் வயது அது. கொம்பாசுப் பெட்டியிலிருந்து அழிறப்பரை எடுத்து, கொப்பியில் பிழையை அழிப்பது போல மெதுவாக, இரண்டு பக்கமும் தேய்த்தேன். துணியால் துடைத்து, கொக்கி பிடிக்கும்வரை அழுத்தினேன். பெரிய கடைகளிலும் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான் என்று பின்னாளில் அறிந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. அவர்களும் சரியாகத்தான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளியைப் போட்டேன். ஒரே ஒரு சின்னச் சத்தம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

ஓடி நின்றன. விசைப்பலகையைக் காணவில்லை, தொடர்வதற்கு ஒரு விசையை அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் வந்தது. இல்லாத விசைப்பலகையில் எதை அழுத்துவது? அம்மாவிடம் சொன்னேன். "இன்னொருத்தனும் பெரட்டுக்கு வரலயா? இது என்ன தோட்டம்?" என்றார். நான் கம்பிகளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவோரத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"பச்சை வாலு ஊதா ஓட்டைல இருக்கு பாரு."

விசைப்பலகைக்கு ஊதா, மவுஸுக்குப் பச்சை. இரண்டையும் நான்தான் மாற்றிச் செருகியிருந்தேன். மாற்றிப் போட்டதும் எல்லாம் வழிக்கு வந்தன. அப்பாவுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பின்னேரம் முழுவதும் தாளைப் பார்த்துப் பார்த்து, ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தட்டினேன். பெயர், வகுப்பு, முகவரி வரைக்கும் சிரமமில்லை. அடுத்தது பெற்றோரின் தொழில். எல்லாவற்றையும் திரையில் போட்டுக் காட்டப்போகிறார்கள். கை தூக்கியவர்களில் பலர் டவுன் பிள்ளைகள். வியாபாரி, ஆசிரியர், தாதி என்றுதான் எழுதி வருவார்கள். நான் அதிகம் யோசிக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் கொழுந்து பறிக்கும் அம்மாவை இல்லத்தரசி ஆக்கினேன். அப்பாவின் பெயருக்கு நேரே 'தோட்ட உத்தியோகத்தர்' என்று தட்டினேன். கண்டாக்கையாவும் கணக்கப்பிள்ளையும்தான் எங்கள் தோட்டத்தில் உத்தியோகத்தர்கள்.

தட்டி முடித்துத் திரும்பியபோது அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"என் பேர எழுதியிருக்கியா?"

"இதோ" என்று விரல் வைத்துக் காட்டினேன்.

"பக்கத்துல என்ன போட்டிருக்க?"

"கவ்வாத்துத் தொழிலாளி" என்று வாசித்தேன். குரல் தடுமாறவே இல்லை. அப்போதே எனக்குத் தைரியம் அதிகம்.

அப்பா திரைக்குக் கிட்டக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, "நல்லா இருக்கு. எல்லாம் மட்டம் பிடிச்சு வெட்டின மாதிரி வரிசையா நிக்குது" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார்.

திங்கட்கிழமை கணினி வகுப்பில் என் பெயர் சேர்ந்தது. கை தூக்கியவர்களில் நான்கு பேர் வெறுங்கையோடு வந்திருந்தார்கள். திரையில் என் குடும்பம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பாடசாலைக்குப் போகும் வழியில் பெரட்டுக்களத்தைக் கடந்தேன். கவ்வாத்து ஆட்கள் பனியில் ஒடுங்கி நின்றார்கள். அப்பா கொஞ்சம் பிந்தி வந்து, கத்தியைத் தோளில் சாய்த்தபடி கூட்டத்துக்குள் புகுந்தார்.

"தள்ளுங்கடா டேய். தோட்ட உத்தியோகத்தர் வர்றேன்ல."

எல்லாரும் சிரித்தார்கள். "வாங்க உத்தியோகத்தரே, இன்னிக்கு எந்த மலைக்கு எழுந்தருள்றீங்க?" என்று கங்காணி கும்பிட்டார். அப்பாவும் சிரித்தார். என்னைக் கண்டதும் கையைக் காட்டி, "நேரமாச்சு, ஓடு தாயி" என்றார்.

அப்பா நன்றாகத்தான் பகிடி விடுகிறார் என்று நானும் சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். உத்தியோகத்தர் என்ற அந்தச் சொல்லை வீட்டில் நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது அன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. பிறகு வெகுகாலத்துக்கும் தோன்றவில்லை.