பொன்னையா பூசிய திருநீறு

இன்று காலை பத்திரிகையைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை இழுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன். வெடுக்கென்று இழுத்தால் ரப்பரில் ஏறும் அந்த இளஞ்சூடு. மருமகள் பார்த்துவிட்டாள். "என்ன மாமா, சின்னப் பிள்ளையாட்டம்?" என்றாள். அது பொன்னையாவின் பழக்கம் என்று அவளுக்கு எங்கே தெரியும்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கோலாலம்பூரில் ரப்பரை ஆராயும் கூடம் ஒன்றில் நானும் அவனும் உதவியாளர்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரே அறை, ஒரே சோற்றுப்பானை. ரப்பர் துண்டைப் பித்தளைச் சட்டத்தில் இழுத்துப் பூட்டி, எக்ஸ்ரே கதிரை ஊடே விட்டு, சிதறி விழுவதைப் பிலிமில் பிடிப்பதுதான் வேலை. சும்மா கிடக்கும் ரப்பர் என்றால் மங்கலாக ஒரு வட்டம் விழும். இழுத்துக் கட்டினாலோ புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் உள்ளே துகள்கள் எப்படி வரிசைகட்டி நிற்கின்றன என்று எங்கள் வெள்ளைக்காரத் துரை கண்டுபிடிப்பார். எனக்குப் பாதி புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டுவதில் மட்டும் கெட்டிக்காரன்.

ஆயுத பூஜை வந்தது. சைக்கிளுக்கே பொட்டு வைக்கிறவன், சோறு போடும் இயந்திரத்தை விடுவானா? சட்டத்துக்குப் பட்டை போட்டான் பொன்னையா. அவனுக்குக் கை தாராளம். திருநீறு ரப்பர் மேலும் அப்பிவிட்டது. மறுநாள் பிலிமில் புள்ளிகளோடு கூர்மையாகப் புது வளையங்கள்! எல்லாம் அந்தத் திருநீற்றுத் தூளில் பட்டுக் கதிர் சிதறியதால் விழுந்தவை. துரைக்குத் தலைகால் புரியவில்லை. மனுஷர் சட்டத்தைப் பார்க்கவில்லை, பிலிமைத்தான் பார்த்தார். ரப்பருக்குள் ஏதோ புதிதாகக் கண்டுவிட்டதாகச் சீமைக்கே எழுதப்போகிறார்.

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம் அது. வேலை போனவனை நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். "வாய மூடிக்கிட்டு இரு லா, தொரைக்கு என்ன தெரியப்போவுது?" என்று கெஞ்சினேன்.

"நெத்தியில பூசுறத வச்சுப் பொய் சொல்லச் சொல்றியா? போடா!" என்றான். நேரே போய்ச் சொல்லியும்விட்டான். துரைக்கு முகம் சிவந்தது. அன்றோடு வேலை போயிற்று.

கிள்ளானைத் தாண்டித் துறைமுகம் வரை ரயிலில் கூடவே போனேன். வழி முழுக்க அவன்தான் என்னைத் தேற்றிக்கொண்டு வந்தான், நல்ல கூத்து! கப்பலேறுமுன் பையிலிருந்து ஒரு ரப்பர் துண்டை எடுத்து இழுத்து, என் உதட்டில் வைத்தான். "சூடு இருக்குல்ல? வரேன்டா" என்றான். போகிறவன் வரேன் என்றுதான் சொல்வான். நான் அதை நம்பிக்கொண்டே இருந்தேன். ஒரு தகவலும் இல்லை.

அவன் முகம் விழுந்த போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. துரை வீசியெறிந்த அந்தப் பிலிமை மட்டும் எடுத்து வைத்திருந்தேன். அவன் விரலால் அப்பிய திருநீறு, வளையம் வளையமாக. கூடம் இருந்த இடத்தில் இப்போது கடைவீடுகள். பிலிமும் பூஞ்சை தின்று வெறும் தகடாகிவிட்டது. இருந்தாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு வளையம்கூட இல்லையே, பொன்னையா.