மேசை விரிப்பின் வட்டம்

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். ஆனாலும் மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் துணி வெட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டரும், பேனா பிடித்துத் தாளில் அளவுப்படம் வரையும் இயந்திரமும் வேண்டும் என்று முதலாளியிடம் அடம்பிடித்ததும் நான்தான். "வெள்ளிக்கிழமை ஓட்டல்காரர் வருகிறார். அவருடைய வட்ட மேசை விரிப்பு சரியாக வராவிட்டால் இயந்திரம் திரும்பிப் போகும், வெட்டும் மேசைக்கும் வேறு தலைவர் வருவார்" என்று அவர் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முதல் படம் வந்தது. வட்டம் இல்லை, மூலை மூலையாக ஏதோ ஒன்று. என்னால் உட்கார முடியவில்லை. படம் வரையும் கட்டளைகளை எழுதியவர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் பொறியாளர். எல்லா வட்டத்தையும் முப்பத்தாறு நேர்கோடுகளால் வரையும்படி எழுதியிருந்தார். சட்டைக் கழுத்துக்கு அது போதும். இரண்டு மீட்டர் விரிப்பில் ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய முக்கால் சாண்.

"தம்பி, நான் சாக்கட்டியால புள்ளி வைக்கிறப்போ எண்ணிக்கையா பாக்குறேன்? இடைவெளியத்தான் பாக்குறேன். பெரிய வளைவுன்னா புள்ளி தானா கூடும்."

அவர் திரையில் முப்பத்தாறை அழித்தார். "அண்ணே, இத நான் முதல்லயே யோசிச்சிருக்கணும்."

புதன்கிழமை வட்டம் வழுவழுவென்று வந்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். அவர் சாப்பிடப் போன நேரத்தில், அவர் தட்டியதைப் பார்த்துப் பழகிய தைரியத்தில், வட்டத்தின் கட்டளைக்குள்ளேயே தையலுக்கான ஒரு சென்டிமீட்டரைச் சேர்த்துவிட்டேன். ஓரம் விடாமல் எந்த வெட்டுக்காரன் வெட்டுவான்?

வியாழன் காலை மாதிரி விரிப்பு தைத்தாயிற்று. நடுவில் மேசை வெயில்குடையின் கம்பு நுழைய ஐந்து சென்டிமீட்டர் ஓட்டை வேண்டும். ஒன்பது இருந்தது. தைத்த பெண் அதைத் தூக்கிப் பிடித்து, கிரியோல் மொழியில் என்னை மாமா என்று கூப்பிட்டுக் கத்தினாள்:

"தோந்தோன், இதில் கம்பு மட்டுமா, குடைக்காரனே நுழைவான்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஓட்டைக்கு ஓரம் உள்பக்கம் விட வேண்டும். என் கட்டளையோ எல்லா வட்டத்தையும் வெளிப்பக்கமே பெருக்கியது; ஓட்டை ஏழாக வெட்டுப்பட்டு, ஓரம் மடித்துத் தைத்ததும் ஒன்பதாகிவிட்டது.

பொறியாளர் கோபப்படவில்லை. "வட்டம் வட்டமாவே இருக்கட்டும்ணே. ஓரத்துக்குத் தனிக் கட்டளை எழுதுவோம். உள்ளயா வெளியயான்னு அது கேக்கட்டும்."

"கேக்காமயே தெரிஞ்சுக்காதா?"

"உங்களுக்கே தெரியலையேண்ணே!"

என் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. பக்கத்தில் நின்று, உள்ளே, வெளியே என்று ஒவ்வொரு வட்டத்துக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். மாலைக்குள் நாலு மாதிரி வெட்டி, நாலையும் நானே அளந்தேன்.

வெள்ளிக்கிழமை ஓட்டல்காரர் கம்பை ஓட்டையில் விட்டுச் சுற்றிப் பார்த்தார். "நல்லது" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பி, இயந்திரம் இங்கேயே இருக்கட்டும் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வெட்டும் மேசையில் என் கத்தரிக்கோல் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்த பிறகுதான் வேறு தலைவர் வரவில்லை என்று நம்பித் தேநீர் குடித்தேன்.