ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது

போன ஞாயிற்றுக்கிழமை காலை இரும்புலியூர் ஏரியில் நான் படகோடு கவிழ்ந்தேன். தவறி இல்லை... வேண்டுமென்றே.

"உஷா, இன்னொரு தடவை" என்றார் கரையில் உட்கார்ந்திருந்த என் கணவர் சேகர். மறுபடியும் கவிழ்ந்தேன்.

பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாக்கா இது? சார கரைல குந்த வெச்சிட்டு நீ வுழுந்துகினே கீற?"

நியாயமான கேள்விதான். அப்போது என் வாய் நிறைய ஏரித் தண்ணீர். அதனால் பதிலை இங்கே சொல்கிறேன்.

சேகருக்குச் சின்ன வயதிலேயே போலியோ. இடது காலில் இரும்புக் காலிப்பர் மாட்டி, ஊன்றுகோல் பிடித்து நடப்பார். மறைமலை நகரில் ஒரு ஃபாக்டரியில் டிராயிங் செக்‌ஷன் வேலை. தினமும் கம்பியைப் பிடித்து பஸ்ஸில் ஏறி ஏறி, தோள் இரண்டும் பயில்வான் மாதிரி இருக்கும். பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் கயாக் படத்தைப் பார்த்தார். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் ஒல்லியான படகு.

"இதுக்குக் கால் வேண்டாம் உஷா. கை போதும்" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ப்ளைவுட்டும் எபாக்ஸி பசையும் குடியேறின. துணி காயப்போட இடமில்லை. படகு வளர்ந்தது.

நடுவில் உட்காரும் இடம். முன்னாலும் பின்னாலும் மூடிய அறைகள். அவற்றில் காற்று இருக்கும்வரை கவிழ்ந்தாலும் படகு மூழ்காது. முன்னறையை அடைத்துவிட்டார். பின்னறைக்கு மட்டும் மேலே ஒரு வாய் வெட்டி, மூடி செய்யப்போகிறேன் என்றார்.

"எதுக்கு வம்பு? அதையும் அடைச்சிடுங்களேன்."

"காலிப்பரோட தண்ணில விழுந்தா அது என்னை உள்ள இழுத்துடும். கழட்டி அந்த ரூம்லதான் வைக்கணும். அக்கரைல எறங்கினா மாட்டிக்கணும் இல்ல?"

சேகருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, சரி. ஆனால் மூடி வழியாகத் தண்ணீர் புகுந்தால், பிடித்துக்கொள்ளப் படகு மிதக்குமா? "மூடி என் பொறுப்பு. நான் சரின்னு சொல்ற வரைக்கும் நீங்க ஏறக் கூடாது" என்றேன். நான் ஸ்கூலில் ஃபிசிக்ஸ் டீச்சர்; அந்தக் குரலில்தான். சிரித்தாலும் ஒப்புக்கொண்டார்.

முதலில் சைக்கிள் ட்யூபை வெட்டி விளிம்பில் ஒட்டினேன். நாலு மூலையிலும் கிளிப். உள்ளே ஒரு தட்டில் பொரியைப் பரப்பி, மேலே ஹோஸால் தண்ணீர் அடித்தேன். திறந்தால்... பொரிக்கஞ்சி.

கிளிப்பை இன்னும் இறுக்கினேன். இன்னும் மோசம். ஏன்?

ஸ்கூலிலிருந்து கொண்டுவந்த சாக்பீஸை விளிம்பு முழுக்கத் தேய்த்து, மூடியை மூடித் திறந்தேன். ரப்பரில் வெள்ளைக் கோடு மூலைகளில் பளிச்சென்று விழுந்திருந்தது. நீளப் பக்கங்களின் நடுவில் கோடே இல்லை. புரிந்தது. மூலைகளை இறுக்க இறுக்க, நடுப்பகுதி மேலே எழும்புகிறது. மூடிக்கு மட்டுமா இது, ஸ்கூலுக்கும்தானே? எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

மூடியின் அடியில் குறுக்கே தேக்குச் சட்டம் வைத்து விறைப்பாக்கினேன். நடுவிலும் இரண்டு கிளிப். ட்யூபைப் பிய்த்துப் போட்டு, ஜி.எஸ்.டி. ரோடு மெக்கானிக்கிடம் கார் கதவு ரப்பர் வாங்கி ஒட்டினேன். உள்ளே குழாய் மாதிரி வெற்றாக இருப்பதால், அழுத்தினால் அமுங்கும். இரண்டு முனையும் சேரும் இடத்தை மூலையில் விடாமல் நேர்ப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, சாய்வாக வெட்டி இணைத்தேன். சாக்பீஸ் கோடு இப்போது எங்கும் அறுபடவில்லை.

ஆனால் ஹோஸ் வேறு, ஏரி வேறு இல்லையா? அதனால்தான் அந்தக் குட்டிக்கரணம். காலேஜில் கற்ற நீச்சல் இத்தனை வருஷம் கழித்து உதவியது.

படகைக் கரைக்கு இழுத்து மூடியைத் திறந்தேன். உள்ளே நான் வைத்திருந்த ஒரு காகிதப் பொட்டலம் பொரி. சேகர் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். மொறுமொறுவென்ற சத்தம் எனக்கே கேட்டது.

"டீச்சரம்மா, இப்ப ஏறலாமா?"

காலிப்பரைக் கழற்றிவிட்டு, கையை ஊன்றிப் படகில் ஏறி உட்கார்ந்தார். அதையும் கோலையும் நானே உள்ளே வைத்து ஆறு கிளிப்பையும் போட்டேன். தூண்டில்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தண்ணீரில் தள்ளினோம்.

முதல் பத்துத் துடுப்புக்குப் படகு கோணல்மாணலாகப் போனது. பிறகு நேராக, ஏரிக்கு நடுவே, திரும்பிப் பார்க்காமல் போனார்.

"சார் சூப்பரா போறாருக்கா" என்றார் தூண்டில்காரர். சேகருக்கு முன்னால் அக்கரைக்குப் போய்விட வேண்டுமென்று நான் கிளம்பினேன்.

கரையைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனேன். நான் மூச்சு வாங்க அக்கரை சேர்ந்தபோது, சேகர் நனையாத காலிப்பரை மாட்டி, கோலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் மற்றவர்கள் நின்று காத்திருக்க, கடைசியாக வந்து சேரும் மனிதர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் இவ்ளோ லேட்டு?"