தட்டோடு நிற்கும் என் வாடிக்கையாளர்கள்

பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவளுக்குச் சம்பளத்தைவிடப் புத்திமதிதான் அதிகம் கிடைக்கும். வேர்க்க விறுவிறுக்கச் சமைத்து வைத்துவிட்டு, "உப்பு எங்கே?" என்று கேட்டவர்கள் முன்னால் நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் கட்சிதான். உங்களுக்கு வீட்டில் நாலு வாய், எனக்கு அறுபது.

பத்து வருஷம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து எடைபோடக் கொடுத்தேன். இப்போது இலங்கை மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலவசக் காலைச் சாப்பாடு சமைக்கிறேன். சோறு, பருப்பு, கீரை, வாரத்தில் ஒருநாள் முட்டை. இது வந்த பிறகு காலைக் கூட்டத்தில் யாரும் மயங்கி விழுவதில்லை. மழை நாளிலும் வகுப்பு நிறைந்திருக்கிறது. ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சந்திராவின் மகள் தனுஜா மட்டும் நான் பாத்திரம் கழுவிய பிறகுதான் வருவாள், வெறும் தேத்தண்ணி குடித்த வயிற்றோடு. எனக்கு அது தாங்கவில்லை.

கீரைக்கு ஒரு கங்காணி

கீரையைக் கண்டால் பிள்ளைகளுக்கு ஆகாது. பொடிப்பொடியாக நறுக்கிப் பருப்புக்குள் ஒளித்தேன். ஊரை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்தால், இரண்டாம் வகுப்புக் கவிஷன் ஒவ்வொரு இலையாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் குவித்து வைத்திருந்தான்.

முறைத்தேன். அவன் அசரவில்லை. தட்டை என் பக்கம் நீட்டிச் சொன்னான்: "அக்கா, நீங்க மலையில கொழுந்து எடுத்த மாதிரியே எடுத்துட்டேன். இந்தாங்க, நிறுத்துக்குங்க."

சந்திராவின் பதில்

ஒருநாள் மலையிலிருந்து இறங்கிய சந்திராவை வழிமறித்து, "புள்ளய நேரத்தோட அனுப்பினா என்ன? சூடா சாப்பிடுமே" என்றேன். கோபப்படுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் அழுதாள்.

"போன வருஷம் இவ பசியில விழுந்தப்ப லயமே கூடி நின்னு பார்த்துச்சு. இப்ப தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கிறதயும் பாக்கணுமாக்கா?"

மாரியம்மனுக்கு ஒரு விண்ணப்பம்

கந்தப்பளையில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். விடியக் கருக்கலில் வந்து இறங்கி நேரே அடுப்படிக்குப் போனேன். முட்டை நாள். அறுபதையும் அவித்து உரித்து வைத்தேன். முதல்நாள் சாயந்தரம் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியது எனக்குத் தெரியாது. காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்தில் யாரும் முட்டையைத் தொடமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்த வாத்தியார், எங்கள் சேருக்கு அதுவும் தெரியாது. "ஏன் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கினம்?" என்று என்னைக் கேட்டார்.

முட்டைகளைத் தூக்கிக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். அங்கே சமைக்கிற குசுமா தன் பெரிய பானையைத் திறந்து, தேங்காய்ப்பூ போட்ட அவித்த பயறில் பாதியை அள்ளிக் கொடுத்தாள். அவளுடைய பிள்ளைகள் முட்டையைக் கண்டு குதித்தார்கள். நான் கிளம்பும்போது தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "உங்க மாரியம்மாவுக்கு சொல்லுங்க, திருவிழா ஒரு மாசம் வைக்க."

இல்லாத முறை

அடுப்படியில் ஒத்தாசைக்குத் தினம் ஒரு தாய் முறைவைத்து வருவாள். தோட்டத்தில் வேலை இல்லாத ஒரு நாளுக்கு முந்தின நாள், "நாளைக்கு உன் முறை" என்று சந்திராவிடம் சொன்னேன். பச்சைப் பொய். பட்டியலில் அவள் பெயரே இல்லை.

விடியுமுன் வந்தாள். தேங்காய் துருவினாள். மணியடித்ததும் அகப்பையை அவள் கையில் கொடுத்தேன். வரிசையில் முதலில் நின்றது மலையில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் மகன், அடுத்தது சேரின் மகள்.

"கணக்கப்பிள்ள வீட்டுப் புள்ளயுமா?"

"எல்லா வீட்டுப் புள்ளயும்தான்."

இன்னும் நாலு பிள்ளைகளுக்குப் பரிமாறினாள். பிறகு ஒரு பெரிய பிள்ளையை லயத்துக்கு விரட்டி, "தனுஜாவ வரச் சொல்லு, தட்டோட" என்றாள்.

தனுஜா மூச்சிரைக்க வந்து வரிசையின் நடுவில் நின்றாள். அவள் முறை வந்ததும் சந்திரா சோற்றை அள்ளி வைத்தாள். பருப்பை ஊற்றினாள். மறுபடி சோறு. கண் கலங்கினாலும் கை நிற்கவில்லை. தனுஜாதான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்: "போதும்மா, பின்னாடி நிக்கிறவங்களுக்கும் வேணும்ல. நான் நாளைக்கும் வருவேன்."

அன்றிலிருந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்க இன்னொரு வாய் கூடிவிட்டது. இதைவிடப் பெரிய பதவி உயர்வு எந்தச் சமையல்காரிக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.