வகுப்பு வாசலில் வெள்ளைத் தூள்

பால்வாடி வாசலில், ஒரு நிலைக்காலிலிருந்து மறு நிலைக்கால் வரை, ஒரு சாண் அகலத்தில் கிடந்த வெள்ளைத் தூள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. அடுத்து, அதைத் தாண்டிய பெரிய டீச்சரின் கால். அவரைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அறுபதுகளின் கடைசி. மத்திகிரிக்கு அப்பால் ஒரு மாட்டுப் பண்ணை. அங்கே வேலை செய்தவர்களின் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் எங்களிடம் வந்தார்கள். நான் சேர்ந்து ஐந்து மாதமே ஆன உதவி ஆசிரியை, வேலை நிரந்தரமாகவில்லை. அந்த ஆண்டு வட்டாரமெங்கும் மாடுகளுக்குக் கோமாரி நோய். பண்ணை வாயிலில் சுண்ணாம்பைக் கொட்டி, யாராக இருந்தாலும் மிதித்துத்தான் உள்ளே போகவேண்டும் என்று வைத்திருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை, யாரும் சொல்லாமலே, பிள்ளைகள் வகுப்பு மூலையில் பண்ணை கட்டத் தொடங்கினார்கள். ஏரிக் களிமண்ணில் மாடுகள், ஈர்க்குச்சி வேலி, நோய்கண்ட மாடுகளுக்குத் தனிக் கொட்டகை. தேய்ந்த சாக்பீஸ் துண்டுகளை இடித்து வாசலில் தூவினார்கள். பால்காரரின் நாலு வயது மகள்தான் வாயில் காவல். வியாழக்கிழமை மாடுகள் இருபத்திரண்டு; என் நோட்டில் இருக்கிறது.

அன்றுதான் பெரிய டீச்சர் வந்தார். காவல்காரி கையை விரித்து மறித்தாள்.

"மிதிச்சிட்டு வாங்க டீச்சர். இல்லன்னா மாட்டுக்கு ஒட்டிக்கும்."

"சாணி அள்ற வூட்டுல பொறந்துட்டு எனக்கே சட்டம் சொல்றியா? தள்ளுடி."

"பண்ணை ஆபீசரே மிதிக்கிறாரு. நீங்க அவர விடப் பெரியவங்களா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவர் அவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, புடவையைத் தூக்கிக்கொண்டு தூளைத் தாண்டி உள்ளே வந்தார். என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கண்றாவிய வாரிக் குப்பையில கொட்டு. நாளைக்கு பால்வாடியப் பாக்க ஆபீசர் வராரு. பதினெட்டு ஸ்லேட்லயும் மாம்பழம் இருக்கணும், ஒரே மாதிரி. முடியலன்னா சொல்லிடு, வேற ஆள் கேட்டுக்கறேன்."

"சரிங்க டீச்சர்" என்றேன்.

பிள்ளைகள் தாமாகச் செய்வதைத் தடுக்கக்கூடாது என்று இப்போது பயிற்சி வகுப்புகளில் நானே பேசுகிறேன். அன்று முறத்தை எடுத்து வாரியதும் நானேதான். வெளியே போனபோது அந்தக் காவல்காரி பின்னாலேயே வந்தாள்.

"குப்பையில போடக்கூடாது, சின்ன டீச்சர். செத்த மாட்டப் பொதைக்கணும்."

"செத்துடுச்சா?"

"ம். பெரிய டீச்சரு மிதிக்காம வந்துட்டாங்கல்ல. எல்லாத்துக்கும் ஒட்டிக்கிச்சு."

அழவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். உடைந்த கரண்டியால் வேலியோரம் தோண்டினேன். முழங்கை ஆழம் வந்ததும் நிறுத்தப் பார்த்தேன்.

"இன்னும் ஆழமா. நாயி தோண்டிடும்."

தோண்டினேன். உள்ளே பெரிய டீச்சர் கரும்பலகையில் மாம்பழம் வரைந்துகொண்டிருந்தார்.